அரியலூரில் ஒரு தூசி இல்லாத அறை

அரியலூர்,
30.3.2004

அன்புமிக்க மாப்பிள்ளை மகேஷ் அவர்களுக்கு,

மாமனார் கொளஞ்சியப்பன் ஆசிகளுடன் எழுதிக்கொண்டது. இங்கு நான் ஒருவன் நீங்கலாக யாவரும் சுகம். போனில் பேசினால் குரல் உயர்ந்துவிடும், மாப்பிள்ளையிடம் குரல் உயர்த்தக் கூடாது என்பதால் இன்லண்டு லெட்டரில் எழுதுகிறேன்.

‘கம்ப்யூட்டர் சர்வர் மெஷினைப் பெரம்பலூர் கிளைக்குக் கொடுக்காதீர்கள், அரியலூர் கிளையில் என் மாமனார் இருக்கிறார், அறையைத் தயார் செய்துவிடுவார்’ என்று சென்னை ஹெட் ஆபீசில் நீங்கள் வாக்குக் கொடுத்தாலும் கொடுத்தீர்கள், மேனேஜர் என்னைச் சிட்பண்டு வேலையிலிருந்து தூக்கிக் கட்டட மேஸ்திரி ஆக்கிவிட்டார். வெள்ளிக்கிழமை இன்ஜினியர் வந்து பார்ப்பாராம். அறை சரியில்லை என்றால் மெஷின் பெரம்பலூருக்குப் போய்விடுமாம். ஹெட் ஆபீசில் உங்கள் பேச்சு கெட்டுவிடக் கூடாதே என்றுதான் இதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் அனுப்பிய தாளில் முதல் வரியே ‘தூசி கூடாது’. மாப்பிள்ளை, நீங்கள் இந்த ஊரில்தானே பெண் எடுத்தீர்கள்? சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோட்டில், கல்யாணத்தன்று உங்கள் கறுப்பு ஷூ மண்டப வாசலிலேயே வெள்ளை ஷூ ஆனது மறந்துவிட்டதா? சரி, ஜன்னலையெல்லாம் அடைத்தேன். அடுத்து, வயர் ஓடுவதற்காகத் தரைக்கு மேல் பலகையில் இன்னொரு தரை. தச்சர் தங்கராசு, “இருக்குற தரைக்கு என்னங்க கொறச்சல்? வயருக்கெல்லாமா வூடு கட்டுவாங்க?” என்று சிரித்து முடித்த பிறகே உளியை எடுத்தார். பிறகு, கரண்ட் கசிந்தால் மண்ணில் இறங்குவதற்கு எர்த் குழி. எலெக்ட்ரீஷியன் குழி தோண்டி உப்பும் கரியும் கொட்டியதை, ஆபீஸ் கூட்டும் வீராயி பார்த்துவிட்டாள். “வாசல்ல குழி வெட்டி உப்பையும் கரியையும் பொதைக்கிறீங்களே, யாருக்குங்க இந்தச் செய்வினை? நான் புள்ளகுட்டிக்காரி, ஆள வுடுங்க” என்று விளக்குமாற்றைப் போட்டுவிட்டுப் போனவள்தான். இப்போது தூசி இல்லாத அறையைக் கூட்டுவது நான்.

அதையும் பொறுத்தேன். நேற்று ஏசி போட்டோம், அறை ஜில்லென்று இருந்தது. மேனேஜர் உள்ளே வந்து, “புது ரூமு, பால் காய்ச்சாம மெஷின எப்படிங்க குடி வக்கிறது?” என்கிறார். புகை ஆகாது சார் என்றேன். “அப்ப ஸ்டவ்வுல காய்ச்சிருவோம்” என்றார். காய்ச்சினார்கள். பொங்கியது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்க, பால் பலகை இடுக்கில் இறங்கி வயரைப் பார்த்துப் போகிறது. நான் கத்தினேன். “பொங்குனா நல்ல சகுனம்ங்க, எதுக்குக் கத்துறீங்க?” என்று என்னையே அதட்டுகிறார். இன்று காலை கதவைத் திறந்தால் ஊசிப்போன தயிர் வாடை. பலகைக்கு அடியில் ஊர்ப்பட்ட எறும்பு. பலகையைக் கழற்றலாம் என்றால் தங்கராசு கல்லங்குறிச்சித் திருவிழாவுக்குப் போய்விட்டார்.

மாப்பிள்ளை, என்னால் ஆகாது. மெஷினைப் பெரம்பலூருக்கே கொடுத்துவிடுங்கள். நம் அரியலூர் ஜில்லாவையே கலைத்து அவர்களோடு சேர்த்தாயிற்று, இந்த ஒரு பெட்டி போனால் என்ன குடி முழுகிவிடும்?

ஜெயசித்ராவுக்கும் பேத்தி தேவயானிக்கும் என் ஆசிகள். சம்பந்திகளுக்கு வணக்கம், இந்த விஷயம் மட்டும் அவர்கள் காதுக்குப் போக வேண்டாம்.

இப்படிக்கு,
கொளஞ்சியப்பன்

பி.கு.: கடிதத்தை மடிக்கப் போகும்போது பெரம்பலூர் கிளை மேனேஜர் தர்மன் வந்தார். அறையை எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு, “உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பொல்லாப்பு? வெள்ளிக்கிழமை நாங்களே சென்னைக்கு வண்டி அனுப்பி மெஷின எடுத்துக்கறோம்” என்றார். “மெஷின் இங்கதான் வருது, எங்க மாப்பிள்ளை சொல்லிட்டாரு” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வேறு இன்லண்டு இல்லை, அதனால் மேலே உள்ளதை நீங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடப்பாரையும், எறும்புக்கு மண்ணெண்ணெயும் வாங்கிவிட்டேன், பலகையை நானே பெயர்க்கப் போகிறேன். உங்களால் முடிந்தால் ஓர் உதவி: வெள்ளிக்கிழமை அனுப்புகிற இன்ஜினியர், ஜலதோஷம் பிடித்தவராக இருக்கட்டும்.