ஒத்தக்கையின் இன்னொரு கை

வைகைக்கு இந்தக் கரையிலும் சரி, அந்தக் கரையிலும் சரி, ஒத்தக்கையைப் போலப் பயந்த மனிதர் கிடையாது. இன்னொன்றும் அடித்துச் சொல்கிறேன்: அவரைப் போலத் துணிந்தவரும் கிடையாது. இரண்டும் எப்படி ஒரே ஆளாக இருக்க முடியும் என்று கேட்பவர்கள், நாகமலை புதுக்கோட்டையில் அவர் வீட்டு மாடியில் எட்டு வருடம் குடியிருந்து பார்த்திருக்க வேண்டும். நான் இருந்தேன்.

அவருக்குக் கைகள் இரண்டு. ஆனால் இடது கையை ஊர் பார்த்ததில்லை; பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். அது எப்போதும் கால்சட்டைப் பைக்குள் கிடக்கும். கப்பலூரில் டிரான்ஸ்பார்மர் காயில் சுற்றும் பட்டறை ஒன்றில் அவருக்கு வேலை. சேர்ந்த புதிதில் பக்கத்து மேஜைக்காரர் கரண்டில் மாட்டித் துடித்ததை நேரில் பார்த்துவிட்டார். மாட்டியவர் பிழைத்து, அடுத்த வாரமே எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வேலைக்கு உட்கார்ந்தார். பார்த்த இவர்தான் பிழைக்கவில்லை.

"ரெண்டு கையாலயும் தொட்டா, கரண்டு ஒரு கையில ஏறி மறு கையில எறங்கும் தம்பி. நடுவுல என்ன இருக்கு? நெஞ்சு இருக்கு" என்பார்.

கரண்டுள்ள பெட்டிக்குள் கை விடும்போது மற்ற கையைப் பைக்குள் வைப்பது அந்தத் தொழிலில் நல்ல பழக்கம்தான். ஒத்தக்கைக்கு உலகமே பெட்டி. மாட்டுத்தாவணி பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்து, வளைவுக்கு வளைவு யாருடைய மல்லிகைக் கூடையிலாவது விழுவார். கல்யாண வீட்டில் தாம்பூலப் பையை ஒற்றைக் கையால் வாங்கி ஒரு சம்பந்தி வீட்டையே பகைத்துக்கொண்டார். கோயிலிலும் ஒற்றைக் கை வணக்கம்தான், போலீஸ்காரருக்கு சலாம் வைப்பதுபோல.

"சாமிகிட்டயுமா அண்ணே?"

"சாமிகிட்ட எம்புட்டுக் கரண்டு இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க தம்பி."

இப்படிப்பட்டவர் ஆசை ஆசையாக வளர்த்தது, உள்ளே எண்ணூறு வோல்ட் ஓடுகிற ஒரு மிருகத்தை. கண்ணாடிக் குமிழ் வால்வுகள் வைத்த பழைய ஹாம் ரேடியோ. கேட்கவும் பேசவும் ஒரே பெட்டி. லைசென்ஸ் உண்டு. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து வேப்பமரம் வரை ஏரியல் கம்பி. அதில் மலையிலிருந்து மயில் வந்து உட்கார்ந்துவிட்டால், எழுந்து பறக்கும்வரை பேச மாட்டார். "மயிலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. மயிலு அந்தப் புஸ்தகத்தப் படிச்சிருக்கணுமே."

ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்குப் பாம்பனிலிருந்து ஒருவர் பேசுவார். இருபது வருடப் பழக்கம். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. "வா மாப்ள" என்றுதான் பாம்பன்காரர் தொடங்குவார். அந்த இரண்டு சொல்லில் ஒத்தக்கையின் வாரம் விடியும்.

பாம்பன்காரருக்குக் காது மந்தமாகிக்கொண்டே வந்தது. போனைக் காதில் வைத்தால் காதுமெஷின் விசில் அடிக்கிறதாம். ரேடியோவிலும் வழக்கமான முறையில் குரல் வாத்துக் கத்துவதுபோல நசுங்கிக் கேட்கும். பழைய ரேடியோச் செய்தி வருமே, அந்த ஏ.எம். முறைக்கு மாறிப் பார்த்தார் ஒத்தக்கை. அவர் பெட்டியில் அதுவும் தகர டப்பாவுக்குள் இருந்து வருகிற குரலாகத்தான் போனது. ஒரு ஞாயிறு எதிர்முனை கேட்டது: "சார், யாரு பேசுறது?"

அடுத்த ஞாயிறும் சார். அதற்கடுத்த ஞாயிறும் சார்.

மூன்றாவது சாருக்குப் பிறகு ஒத்தக்கை மைக்கை வைத்துவிட்டார். "இருவது வருசம் தம்பி. என்னைய சாருன்ட்டாரு." பிறகு திருப்புளியை எடுத்தார். பயம் மழையில் நனைந்த பூனையைப் போல; எந்த மடி கிடைத்தாலும் ஏறிக்கொள்ளும். அன்று அவர் மடியில் ஏற்கெனவே கரண்டுப் பூனை இருந்தது. மாப்ளயை இழந்துவிடுவோமோ என்ற இரண்டாவது பூனை வந்து முதல் பூனையைக் கீழே தள்ளிவிட்டது.

குரல் போகிற பாதையில் இருந்த குட்டிக் கண்டன்சர்களைக் கழற்றிவிட்டுப் பெரிதாகப் போட வேண்டும். "குட்டி வாசலு வச்சா ஒல்லிக் குரலுதான் உள்ள போகும். அடித்தொண்டை வெளியிலயே நின்னுரும்" என்றார். சின்ன வேலைதான், இரண்டு கை உள்ளவருக்கு. இவரோ ஈயக்கம்பியைத் துணிக்கிளிப்பில் மாட்டி நிறுத்தி, ஒற்றைக் கையால் பற்றவைத்தார். ஒரு பற்றுக்கு அரைமணி நேரம். கிளிப் இல்லாமல் கொடித்துணிகள் பறந்துபோய்த் தெருமுனையில் கிடந்தன.

அவர் மனைவியை நான் மதினி என்பேன். மதினி ஒருநாள் மாடியேறி வந்து, மகன் விட்டுப்போன கிரிக்கெட் மட்டையை என் கையில் கொடுத்தார். "தம்பி, நீங்க சும்மா கவிதைதான எழுதுறீக? அவரு பக்கத்துல நில்லுங்க. கரண்டு புடிச்சு ஒதறுனாருன்னா ஓங்கி ஒண்ணு போட்டு விலக்கிவிடுங்க. உலக்கையத்தான் எடுத்தேன், அதுல இரும்புப் பூண் இருக்காம். வேணாம்னுட்டாரு."

வேலை நடந்த ஐந்து வாரமும் நான் அந்த மேஜையருகே ஸ்டம்புக்கு முன் நிற்பவனைப் போல நின்றேன். பெட்டியின் வயிறு திறந்து கிடந்தது. பிளக்கைப் பிடுங்கினாலும் அது சாகாது. பெரிய கண்டன்சர்கள் கரண்டைத் தேக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும். வேலைக்கு முன் மரப்பிடி போட்ட கம்பியால் தொட்டு அதை இறக்குவார். 'டப்'பென்று ஒரு நீலப்பொறி. தெருநாய் எழுந்து பல்கலைக்கழகப் பக்கம் ஓடும். நானும் ஓடியிருப்பேன், மட்டை கையில் இல்லாவிட்டால்.

நாலாவது வாரம் அது நடந்தது. பெட்டிக்குள் கையை விட்டிருந்தவர் திடீரென்று தோள் குலுங்க, தலை ஆட, வாய் கோணித் துள்ளினார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கிப் போட்டேன். பட்டது தோளில்.

"அய்யோ அம்மா! ஏந்தம்பி அடிச்சீக?"

"ஒதறுனீகளே அண்ணே!"

"தும்முனேன்யா! அங்க ஒருத்தி மிளகாயத் தாளிக்கிறா, இங்க நீரு மட்டையத் தூக்குறீரு! பிளக்கே சொருகல, கரண்டையும் எறக்கியாச்சு!"

அடுப்படியிலிருந்து மதினி குரல் வந்தது. "அடிச்சாரா? நல்லாத்தான் காவல் காக்குறாரு!"

தோளில் தைலத்தோடு ஐந்தாவது ஞாயிறு உட்கார்ந்தார். ஏழு மணி. மயில் இல்லை. மூடியைப் போடாமல் வைத்திருந்தார். மறுபடி கை வைக்க வேண்டியிருக்குமோ என்ற பயம். வால்வுகள் மெல்லச் சிவந்தன, விடியும்போது நாகமலை சிவப்பதுபோல. வலது கையில் மைக்கை எடுத்தார். தன் பெயரையும் ஊரையும் சொன்னார். நிறுத்தினார். இரைச்சல் மட்டும் வந்தது, தூரத்துக் கடலைப் போல. இன்னொரு முறை சார் என்று வந்தால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று நினைத்தபடி மட்டையைக் கை மாற்றிக்கொண்டேன்.

இரைச்சலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"வா மாப்ள! வந்துட்டியா! பக்கத்துல உக்காந்து பேசுறாப்புல இருக்கு. ஆமா... ஏன் இம்புட்டுப் பயந்துக்கிட்டுப் பேசுற?"

ஐந்து வாரம் அகலப்படுத்திய வாசலில் முதலில் நுழைந்து போனது அவருடைய பயம்தான். ஒத்தக்கையின் கண் நிறைந்துவிட்டது. பதில் சொல்ல மைக்கை அழுத்தினார். அழுத்தியபடியே, நான் எட்டு வருடத்தில் பார்க்காததைச் செய்தார். இடது கை பையிலிருந்து வெளியே வந்தது. வெளுத்து, வியர்த்து, குழந்தையின் கையைப் போல இருந்தது. அது என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டது.

எதிரே எண்ணூறு வோல்ட் திறந்து கிடக்கிறது. கரண்டு வந்தால், இப்போது வழியில் இரண்டு நெஞ்சுகள்.

"அண்ணே! கையி! கையி!" என்று அலறினேன்.

மைக் அழுத்தியபடியே இருந்ததால் என் அலறல் பாம்பன் வரை போயிருந்தது. அவர் விரலை எடுத்ததும் அங்கிருந்து சிரிப்புக் கேட்டது.

"அது யாரு மாப்ள, உன்னைய விடப் பயந்தவரா இருக்காரு? அவர விட்டுறாத. கூடவே வச்சுக்க."

இப்போது நான் திருப்பரங்குன்றம் பக்கம் குடிவந்துவிட்டேன். கிளம்பும்போது மதினி அந்த மட்டையைத் திருப்பி வாங்க மறுத்துவிட்டார். ஞாயிறு காலை ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒத்தக்கைக்குப் போன் போடுவேன்.

"அண்ணே, கை எங்க?"

"பையிலதான் தம்பி."

போனை வைத்துவிடுவார். எட்டு மணிக்கு அவரே கூப்பிட்டு "முடிஞ்சிருச்சு தம்பி" என்பார். அந்த ஒரு மணி நேரமும் நான் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.