சிரமத்துக்கு வருந்துகிறேன், சம்பந்தி

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்துக்கு,

தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளையும், தங்கள் வீட்டுக்கு வாழ வந்த என் மகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். அடுத்த வரியில் ‘இங்கு நாங்கள் நலம்’ என்று எழுதுவதுதான் என் வழக்கம். இந்த முறை பேனா அந்த இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை, முகத்துக்குத்தான் கேடு. வெளியே காட்ட முடியவில்லை.

தொலைபேசியில் பேசியிருக்கலாமே என்று தாங்கள் நினைக்கலாம். என் குரலைக் கேட்கும் ஆசை தங்களுக்கு இனி இருக்காது என்பதால் எழுதுகிறேன்.

நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். எங்கள் நாடு தங்கள் நாட்டோடு சேர்ந்திருக்கும் கூட்டமைப்பில் இருக்கலாமா, விலகலாமா என்று வாக்கெடுப்பு அறிவித்ததிலிருந்து இங்கே ஒருவர் வீட்டிலும் ஒரு வாய் நிம்மதியாக இறங்கவில்லை. அண்ணன் இருப்போம் என்கிறான், தம்பி விலகுவோம் என்கிறான், நடுவில் அம்மாக்காரி இருவரையும் வீட்டை விட்டு விலகச் சொல்கிறாள். முடிதிருத்தும் கடையில் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு “சார், நீங்க எந்தப் பக்கம்?” என்று கேட்கிறார்கள். கத்தி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் என்று சொல்லித் தப்பித்து வர வேண்டியிருக்கிறது. ஆனால் மனத்துக்குள் நான் தெளிவாகத்தான் இருந்தேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் பெண்ணைக் கொடுத்தவன் நான். இன்று நினைத்தால் காலை ரயிலைப் பிடித்து மதியச் சாப்பாட்டுக்குத் தங்கள் வீட்டில் வந்து உட்காரலாம். வழியில் ஒருவரும் ‘நீ யார்?’ என்று கேட்பதில்லை. விலகினால் பாலத்தில் சோதனைச் சாவடி வரும், அனுமதிச் சீட்டு வரும், அதற்கு வரிசை வரும். அதுவும் மகள் நிறைமாதமாக இருக்கும் நேரத்தில்! ஆகவே நகர மன்றத்தில் பொது விவாதம் என்றதும் இருப்போம் என்ற பக்கத்தில் பேசத்தான் பெயர் கொடுத்தேன். இது சத்தியம். சட்டைக்கு இஸ்திரி கூடப் போட்டுக்கொண்டு போனேன்.

போன இடத்தில் வினை உட்கார்ந்திருந்தது. விலகுவோம் பக்கத்தின் முதல் பேச்சாளர் எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர். கடைக்கு வந்தவர்கள் போனவர்கள் எல்லோரிடமும் விவாதம் செய்து செய்து மனிதருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஊருக்கெல்லாம் இருமல் மருந்து விற்றவர் வாயால் வெறும் காற்றை விட்டுக்கொண்டு மேடையோரம் நின்றார். மன்றச் செயலாளர் கையைப் பிசைந்துகொண்டு என்னிடம் ஓடி வந்தார்.

“சார், ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்லியே ரிட்டையர் ஆனவரு நீங்க. உங்களை விட்டா இந்தக் குரலுக்கு வேற யாரு இருக்கா? இவரு எழுதினதை வாசிச்சு மட்டும் குடுத்துடுங்க. அப்புறம் உங்க பக்கம் போயி உங்க பேச்சைப் பேசிக்கங்க.”

பேச்சு நியாயமாகத்தான் பட்டது. எதிரிக்கும் தண்ணீர் கொடுப்பது போல எதிரிக்குக் குரல் கொடுத்தால் என்ன என்று பெருந்தன்மையாகத் தாளை வாங்கினேன். அங்கேதான் கெட்டேன்.

சம்பந்தி, என் தொழில் தங்களுக்குத் தெரியாததல்ல. அறிவிப்பாளன் தாளில் இருப்பதைப் படிப்பவன், யோசிப்பவன் அல்ல. ரயில் தாமதம் என்று சொல்லும்போது, ஐயோ யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் போகாமல் நின்றார்களோ என்று நினைக்க ஆரம்பித்தால் குரல் தழுதழுத்துவிடும். அதனால் தாளைக் கண்டதும் என் மூளை விடுப்பில் போய்விடும், குரல் மட்டும் வேலைக்கு வரும். போதாததற்கு, முதல் தடவை காதில் விழாதவர்களுக்காக எதையும் இரண்டு தடவை சொல்வது எங்கள் விதி. மருந்துக்கடைக்காரர் எழுதியிருந்த அத்தனையையும் நான் இரண்டு தடவை சொன்னேன். “நம் வேலைகளை அக்கரைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.” நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடியும், “நம் வேலைகளை அக்கரைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.” அடடா, என்ன அழுத்தம், என்ன நெஞ்சுரம் என்று கூட்டம் கிறங்கிப்போய்விட்டது. தாள் முடிந்ததும் பழக்க தோஷத்தில், “இதனால் ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்றும் சேர்த்துவிட்டேன். நான் கூட்டமைப்பைப் பார்த்து நக்கல் அடிக்கிறேன் என்று நினைத்து மன்றமே எழுந்து நின்று கைதட்டியது.

அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது. ஆயுசு முழுக்க ஒலிபெருக்கியில் பேசியவன் நான். ஒருவர், ஒரே ஒருவர், கை தட்டியதுண்டா? ரயில் வருகிறது என்றால் ரயிலைப் பார்ப்பார்கள், வரவில்லை என்றால் என்னைத் திட்டுவார்கள். இந்த வயதில் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. “இப்ப உங்க பக்கம் பேசுங்க சார்” என்று செயலாளர் கூப்பிட்டார். எனக்கும் தொண்டை கட்டிவிட்டது என்று கையால் சைகை காட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். எழுதும்போதே கூசுகிறது.

அதோடு விட்டேனா? கடைத்தெருவில் பொதுக்கூட்டம் என்று வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தங்கள் சம்பந்தியம்மாள், அதாவது என் மனைவி, சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து வழியை மறித்தாள்.

“போகாதீங்க. நாளைக்கு சம்பந்தி மூஞ்சியில எப்படி முழிப்பீங்க?”

“வெறும் வாசிப்புதானேடி. ரயில் லேட்டுன்னு சொன்னா நான்தான் ரயிலை நிறுத்தினேன்னு அர்த்தமா?”

“அப்ப ரயிலை நிறுத்தல. இப்ப பாலத்தை நிறுத்தப் போறீங்க.”

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. தட்டு மட்டும் மேசையில் பேசுகிறது.

கடைத்தெருவில்தான் தொலைக்காட்சிக்காரர்கள் வந்திருந்தார்கள். இனி எழுதப்போவதற்கு மருந்துக்கடைக்காரர் மேல் பழி போட முடியாது. பாதிப் பேச்சில் கூட்டம் லேசாகக் கலைய ஆரம்பித்தது. எனக்குப் பதைப்பு வந்துவிட்டது. தாளில் இல்லாத ஒன்றை எடுத்துவிட்டேன். “அக்கரைக்காரர்கள் நம் வீட்டுக்கு விருந்துக்கு வருவார்கள். வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? நம் குழாயைத் திருகிப் பார்ப்பார்கள்! நமக்குக் குழாயை மூடக்கூடத் தெரியாது என்று நினைப்பு!” இதையும் இரண்டு தடவை சொன்னேன். கடைத்தெரு சிரித்துப் புரண்டது. போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பி வந்தார்கள்.

தாங்கள் கல்யாணத்துக்கு முந்தின நாள் வந்தபோது, வருடக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்த எங்கள் குளியலறைக் குழாயை, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் சரிசெய்து கொடுத்தீர்கள். அந்தக் குழாய் இன்றுவரை ஒரு சொட்டு விடவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. பல வருடமாக நான் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று சொன்ன வேலையைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, “ஒண்ணுமில்ல சம்பந்தி, வாஷர்தான்” என்றீர்களே, அந்த ‘ஒண்ணுமில்ல’ எனக்குள் எங்கேயோ தங்கிவிட்டது. நல்லது செய்தவர் மேல் வருகிற கோபத்துக்கு மருந்துக்கடையில் மருந்து இல்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையின் வாயை வேனில் கட்டி ஊர்வலம் விட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. என் வாயை விட்டார்கள். பேச்சைப் பதிவு செய்து தெருத் தெருவாகப் போட்டார்கள். ஒருநாள் எங்கள் வாசலில் வேனை நிறுத்திவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார். என் குரல் என் வீட்டைப் பார்த்து ஒலித்துக்கொண்டே இருந்தது. நான் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டேன். தங்கள் சம்பந்தியம்மாள் ஒன்றும் பேசாமல் எல்லா ஜன்னலையும் ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தாள். தெருவில் போனால் முன்பின் தெரியாதவர்கள் “வருந்துகிறோம் சார்!” என்று கை ஆட்டுகிறார்கள். முடிதிருத்துபவர் காசு வாங்க மாட்டேன் என்கிறார். அவமானத்துக்கு இலவசச் சவரம்.

கடைசியில் மகளிடமிருந்து அழைப்பு வந்தது. “அப்பா, எல்லாரும் உக்காந்து டிவியில பாத்தோம்” என்றாள்.

“மாமா என்னம்மா சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சுப் போயி எங்க வீட்டுக் குழாய இறுக்கிட்டு வந்து உக்காந்தாரு.”

அவள் கோபப்படவில்லை, சம்பந்தி. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். மெதுவாக ஒன்று கேட்டாள். “அப்பா, நீங்க ஜெயிச்சுட்டா, நீங்க எப்படிப்பா வருவீங்க? எனக்கு வலி எடுத்தா அம்மா எப்படி வருவாங்க?”

இத்தனை மேடை ஏறியும் இந்தக் கேள்வியை ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பெற்ற பெண்ணின் வீட்டுக்குப் போகும் வழியை, கைதட்டலுக்கு விற்றுவிட்டேன்.

சம்பந்தி, தங்கள் காலில் விழவேண்டியவன் கடிதத்தில் விழுகிறேன். இனி எந்த மைக்கையும் தொடமாட்டேன். நாளை வாக்கெடுப்பு. ஊரெல்லாம் விலகினாலும் என் ஒரு வாக்கு இருப்போம் என்பதற்குத்தான். என் மகள் வயிற்றில் இருக்கும் உயிர்மேல் ஆணையாகச் சொல்கிறேன். வாக்கைப் போட்ட கையோடு இந்தக் கடிதத்தையும் பெட்டியில் போட்டுவிடுவேன். பிள்ளை பிறந்த செய்தி வந்ததும் நானும் என் மனைவியும் ரயில் ஏறுகிறோம். தாங்கள் வாசலில் நின்று என்னைத் திட்டலாம், எத்தனை நேரம் வேண்டுமானாலும். திட்டி முடித்ததும் பேரப்பிள்ளையை ஒரு நிமிடம் கையில் கொடுங்கள், அது போதும்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும், வரப்போகும் சின்ன உயிருக்கும் மனம் நிறைந்த ஆசிகள். தங்கள் கைக்கு வலிமையும் என் வாய்க்கு அடக்கமும் கிடைக்கட்டும்.

தலைநிமிர முடியாத,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: வாக்குச் சாவடியிலிருந்து வந்து இதை எழுதுகிறேன். வரிசையில் நின்றபோது பின்னாலிருந்தவர்கள் என்னை அடையாளம் கண்டு மெல்லக் கை தட்டினார்கள். மறைப்புத் தட்டிக்குள் போனேன். அங்கே தாள் கொடுத்து வாசிக்கச் சொல்ல ஒருவரும் இல்லை, மைக் இல்லை, தொலைக்காட்சி இல்லை, நானும் முத்திரைக் கட்டையும்தான். வெகுநேரம் நின்றேன். விலகுவோம் என்பதில்தான் குத்தினேன். ஏன் என்று கேட்காதீர்கள். எனக்கு விழுந்த கைதட்டலுக்கு எதிராக எனக்குக் கை வரவில்லை. நாங்கள் வருவதா வேண்டாமா என்பதைத் தாங்களே முடிவு செய்யுங்கள். என் மனைவியை மட்டுமாவது வரச் சொல்லுங்கள், அவள் இருப்போம் என்றுதான் போட்டாள். என் மகளிடம் இதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குக் குரல் வரவில்லை.