சுப்பாத்தாளின் அறுபது லிட்டர் பை

திருப்பூர்,
செவ்வாய்க்கிழமை, காலை டிபனுக்குப் பிறகு.

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை சென்னியப்பன் அவர்களுக்கு,

மச்சான் அர்த்தநாரி திருப்பூரிலிருந்து எழுதிக்கொள்வது. மடத்துக்குளத்தில் தங்கச்சியும் பிள்ளைகளும் நன்றாக இருப்பார்கள், வாய்க்காலில் தண்ணீர் வந்திருக்கும், தென்னையைப் பிடித்த வெள்ளை ஈ தொலைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம். நலம் என்று எழுதுவது மரியாதைக்காக. உண்மையில் நலமாக இருப்பது உங்கள் அக்கா மட்டும்தான்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நீங்கள் போனை எந்நேரமும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறீர்கள். நான் இங்கே ஒன்று கேட்டால் உங்கள் தோப்பில் தேங்காய் போடுகிறவர் மரத்தின் மேலிருந்து எனக்குப் பதில் சொல்கிறார். வாட்ஸ்அப்பில் போடலாம் என்றால், போன தடவை உங்களுக்கு மட்டும் என்று நினைத்து நான் அனுப்பியது குடும்பக் குரூப்புக்குப் போய், உங்கள் பெரியப்பா இன்னும் என்னோடு பேசுவதில்லை. ஆகவே நம் பனியன் கம்பெனி லெட்டர்பேடை எடுத்துவிட்டேன். உடுமலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புகிறேன். படித்தவுடன் புறப்படவும்.

விஷயம் இதுதான். உங்கள் அக்கா சுப்பாத்தாள், ஐம்பத்தைந்து வயதில், முதுகில் பையை மாட்டிக்கொண்டு சிநேகிதிகளோடு ஒரு மாதம் இமயமலைப் பக்கம் ஊர் சுற்றப் போகிறாள். வருகிற வெள்ளிக்கிழமை டெல்லி ரயில். நான் சொன்னால் கேட்கிற கட்டத்தை அவள் தாண்டிவிட்டாள். தம்பி சொன்னால் கேட்பாள். நீங்கள் வியாழக்கிழமைக்குள் வந்து இந்தப் பயணத்தைத் தடுத்தே ஆக வேண்டும்.

இது எப்படி ஆரம்பித்தது என்று கேளுங்கள். போன மாதம் ஒரு நாள் தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டே, "ஏனுங்க, நானும் வள்ளியாத்தாளும் ராமாயியும் வெளியூரு போறோமுங்க" என்றாள். எந்தக் கோயில் என்று கேட்டேன். "கோயிலு இல்லீங்க" என்றாள். "கல்யாணமா?" "அதுவுமில்லீங்க." "யாராச்சும் தவறீட்டாங்களா?" "ஏனுங்க இப்படிக் கேக்கறீங்க? சும்மா போறோமுங்க, ஊரப் பாக்க." மாப்பிள்ளை, நம் இரண்டு குடும்பத்திலும் ஆட்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவதற்கு மூன்றே காரணங்கள்தான் இதுவரை இருந்தன. சும்மா என்று நாலாவதாக ஒன்றை உங்கள் அக்காதான் கொண்டுவந்திருக்கிறாள்.

வள்ளியாத்தாளை உங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்து வீடு, மங்கலத்தில் தறி ஓட்டிய குடும்பம், எதைச் சொன்னாலும் சிரிப்பாள். ராமாயி நம் பேக்கிங் யூனிட்டில் செக்கிங் பார்க்கிறாள். கல்யாணமான புதிதில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவள், பனியனில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. மூன்று பேரும் தினமும் காலையில் குளத்தங்கரையில் நடக்கிறார்கள். டாக்டர் சொன்னார் என்று நான்தான் சுப்பாத்தாளை அனுப்பி வைத்தேன். அந்த நடை நீண்டு இமயமலை வரை போகும் என்று டாக்டரும் சொல்லவில்லை.

அடுத்து பை வந்தது. என் மகன் நித்தீஷே ஆன்லைனில் போட்டுக் கொடுத்திருக்கிறான், அப்பனுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல். ஆளுக்கு ஒன்று, அறுபது லிட்டர் பையாம். மாப்பிள்ளை, நான் இத்தனை வருஷமாகப் பெட்டியோடும் டேப்போடும் பிழைக்கிறவன், நீளம் அகலம் உயரம் சொன்னால் எத்தனை பனியன் பிடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பாலையும் டீசலையும் அளக்கிற லிட்டரில் பையை அளப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். பையில் எங்கே பார்த்தாலும் வார். நெஞ்சுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, எதற்கென்றே தெரியாமல் தொங்குவது நாலைந்து. அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று உங்கள் அக்கா இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலையைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு பயிற்சி என்று சொல்லி, பை நிறைய நம் கம்பெனி பனியன் வேஸ்டைத் திணித்துக்கொண்டு தெருவில் நடக்க ஆரம்பித்தாள். விடிகாலையில் ஒரு குடும்பப் பெண் இவ்வளவு பெரிய பையோடு விறுவிறுவென்று போனால் தெரு என்ன நினைக்கும்? எதிர்வீட்டு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் குருசாமி என் தோளில் கை போட்டு, "ஏனுங்க அர்த்தநாரி, இந்த வயசுல எதுனாலும் நாமதானுங்க அனுசரிச்சுப் போவோணும். போயிக் கூட்டியாந்துருங்க" என்றார். சண்டை எல்லாம் இல்லை, ஊர் சுற்றப் போகப் பயிற்சி எடுக்கிறாள் என்று விளக்கினேன். அவர் என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அப்ப அதவிட மோசமுங்க" என்றார். மறுநாள் அவர் வீட்டு அம்மாவே வந்து இந்தப் பை எங்கே கிடைக்கும் என்று சுப்பாத்தாளிடம் விசாரித்துப் போனார். அதிலிருந்து குருசாமியும் என்னோடு பேசுவதில்லை.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். மலை சரிந்த செய்தி, பஸ் கவிழ்ந்த செய்தி, பனியில் மாட்டிய செய்தி எல்லாவற்றையும் தேடிப் பிடித்துச் சாப்பாட்டு நேரத்தில் உரக்கப் படித்தேன். "இன்னுங் கொஞ்சம் சாம்பாரு ஊத்தட்டுங்களா?" என்று கேட்டாள். மனம் வெறுத்து ஒரு தோசையைக் குறைத்துச் சாப்பிட்டேன். "இப்பத்தானுங்க டாக்டரு சொன்னாப்புல சாப்படறீங்க" என்று பாராட்டினாள். ராமாயியிடம் சொல்லிப் பார்த்தேன். "என்ன அண்ணாச்சி, எங்களுக்கு என்ன வயசா ஆயிட்டு? பத்து மணிநேரம் நின்னுட்டே துணி பாக்குதோம், ரெண்டு மலை ஏற மாட்டோமா?" என்றாள். அந்தப் பத்து மணிநேரத்துக்குக் காரணமே நான்தான், மாப்பிள்ளை.

இனி வருவதுதான் முக்கியம். போன ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் எங்கள் ஹாலில் உட்கார்ந்து பை கட்டினார்கள். சின்னக் குக்கர் உள்ளே போனது. கொள்ளுப் பொடி, பருப்புப் பொடி, அரிசிம்பருப்புச் சாதத்துக்கு வேண்டியது, இடித்த கருப்பட்டி என்று ஒவ்வொன்றாகப் போனது. துணியைச் சுருட்டி மூலையில் செருகினார்கள். மாப்பிள்ளை, அவள் போவது எனக்குப் பிடிக்கவில்லைதான். ஆனால் அந்தத் துணி மடித்த லட்சணத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. சரக்கு வாங்க வந்த ஜெர்மனிக்காரனே என் மடிப்பைப் பார்த்துக் கை கொடுத்திருக்கிறான், என் வீட்டிலிருந்து இப்படி ஒரு பை வெளியே போவதா? குக்கரையும் பொடிகளையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, மூன்று பையையும் மூன்று பேர் துணியையும் வண்டியில் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பி, பேக்கிங் இன்சார்ஜ் மூக்கையாவிடம், "நம்ம ஸ்டாண்டர்டுல பண்ணிக் குடு" என்று ஒரு வார்த்தை சொன்னேன். அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தியது என் தப்பு.

மூக்கையா சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவன். முதலில் எல்லாத் துணியையும் நீடில் டிடெக்டரில் விட்டிருக்கிறான். முறிந்த ஊசி துணிக்குள் கிடந்தால் கத்துகிற மெஷின் அது. ஜாக்கெட் கொக்கி ஒவ்வொன்றுக்கும் அது கத்த, மூன்று பேருடைய ஜாக்கெட் அத்தனையும் ரிஜெக்ட் என்று ஒதுக்கி, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டான். பாஸான துணிகளை மடித்து, பாலிபேக்கில் போட்டு, ஈரம் இழுக்கிற பொட்டலம் வைத்து, காற்றை அழுத்தி எடுத்து, சைஸ் ஸ்டிக்கர் ஒட்டினான். இதுவரைகூடப் பரவாயில்லை. எக்ஸ்போர்ட்டில் ஒரு பெட்டிக்குள் எல்லா சைஸும் கலந்து போடுகிற வழக்கம் உண்டு, அசார்ட்டட் பேக்கிங் என்போம். கடைக்காரன் ஒரு பெட்டியைப் பிரித்தால் எல்லா சைஸும் கைக்குக் கிடைக்கும். மூக்கையா பார்த்தான்: பை மூன்று, சைஸ் மூன்று. சுப்பாத்தாள் எல், வள்ளியாத்தாள் டபுள் எக்ஸ்எல், ராமாயி ஸ்மால். மூன்று பையிலும் மூன்று பேர் துணியையும் கணக்காகப் பிரித்துப் போட்டு, டேப் ஒட்டி, அனுப்பியும் வைத்துவிட்டான். கேட்டால், "மொதலாளி, ஒரு பீஸ் மாறியிருந்தாலும் என் காதை அறுத்துக்கிறேன்" என்கிறான். மாறவில்லைதான்.

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் என்பதை உங்களிடம் மறைப்பானேன். இதைப் பார்த்ததும் மூன்று பேருக்கும் சண்டை வரும், பயணம் கலைந்துவிடும் என்று காத்திருந்தேன். நேற்று பையைப் பிரித்தார்கள். வள்ளியாத்தாள் தன் பையிலிருந்து ராமாயியின் சுடிதார் டாப்பை எடுத்துத் தன்மேல் வைத்துப் பார்த்தாள். அது அவளுக்குக் கைக்குட்டை அளவுதான் வந்தது. அவ்வளவுதான், மூன்று பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். கண்ணில் தண்ணீர் வர, தரையில் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். கடைசியில், "இது இப்படியே இருக்கட்டுமுங்க, ஒருத்திய உட்டுப்போட்டு ஒருத்தி போக முடியாதல்லங்க" என்று சுப்பாத்தாள் சொல்லி, மறுபடி டேப்பை ஒட்டிவிட்டாள். குக்கரும் உள்ளே போய்விட்டது. ஜாக்கெட்டுக்குப் பதில் நம் கம்பெனி டீ-சர்ட். உங்கள் அக்கா டீ-சர்ட் போட்டு இமயமலையில் நிற்பதை நினைத்துப் பாருங்கள், மாப்பிள்ளை.

என்னைக் கூப்பிடவில்லை என்ற வருத்தத்தில் எழுதுகிறேன் என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள். கூப்பிட்டிருந்தாலும் வேலையை விட்டுவிட்டு நான் போவேனா? ஷிப்மெண்ட் இருக்கிறது. ஒரு பேச்சுக்குக் கேட்டிருக்கலாம், அவ்வளவுதான். முப்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் இல்லாத வீட்டில் காலையில் எழுந்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இதை உங்கள் அக்காவிடம் சொல்ல வேண்டாம்.

ஆகவே மறக்காமல் வரவும். தங்கச்சிக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், கறவைகள் குறைவில்லாமல் கறக்கட்டும், மழை நேரத்துக்குப் பெய்து கிணறு நிறையட்டும்.

தங்கள் அன்புள்ள மச்சான்,
அர்த்தநாரி

பின்குறிப்பு: மாப்பிள்ளை, தடுக்க வர வேண்டாம். கவரின் மேல் உங்கள் விலாசம் எழுதிக்கொண்டிருந்தபோது சுப்பாத்தாள் காப்பியோடு வந்து நின்றாள். நான் உங்களுக்குக் கடிதம் எழுதுகிற வழக்கம் இல்லாததால் அவளுக்குப் புரிந்துவிட்டது. "எந்தம்பியெக் கூப்பட்டுத் தடுக்கற அளவுக்கு நான் என்னங்க பண்ணிப்போட்டேன்? உடுங்க. நான் போகலீங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். கோபமாகச் சொல்லியிருந்தால் ஜெயித்துவிட்டேன் என்று இருந்திருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். காப்பியை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டேன்.

அவள் போன் போட்டுச் சொல்லியிருப்பாள் போல, சற்று நேரத்தில் மற்ற இருவரும் வந்துவிட்டார்கள். ராமாயி வாசலில் நின்றபடியே, "அசார்ட்டட் பேக்ல ஒரு சைசு குறைஞ்சா பெட்டி போகாது அண்ணாச்சி. நீங்க சொல்லிக் குடுத்ததுதான். நாங்களும் போவல" என்றாள். எதற்கும் சிரிக்கிற வள்ளியாத்தாள் சிரிக்கவில்லை. மூன்று பையும் கதவோரம் கட்டியபடி நின்றன. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "பேக் பண்ணுன சரக்கு நம்ம கம்பெனில என்னைக்காச்சும் நின்னிருக்குதா? வெள்ளிக்கெழம மூணு பையும் வண்டி ஏறியாகோணும்!" என்று கத்திவிட்டேன். சுப்பாத்தாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கே அழுகை வரும்போல் இருந்தது. அதை மறைக்க, "என்னெயும் ஒரு வார்த்தை கூப்பட்டிருக்கலாமல்ல?" என்று கேட்டுவிட்டேன்.

"கூப்பட்டா வந்துருவீங்கன்னுதானுங்க கூப்படல" என்றாள்.

வள்ளியாத்தாள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள், பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. நானும்தான் சிரித்தேன். யோசித்துப் பார்த்தால், நானாக இருந்தாலும் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

ஆகவே வெள்ளிக்கிழமை காரோடு வந்து, அவர்களை ரயிலேற்றிவிட்டு, திரும்பும்போது என்னையும் மடத்துக்குளத்துக்குக் கூட்டிப்போங்கள். ஷிப்மெண்டை நித்தீஷ் பார்த்துக்கொள்வான். உங்கள் வீட்டுக்கு வர எனக்கும் ஒரு சின்னப் பையை உங்கள் அக்காவே கட்டி வைத்திருக்கிறாள். உள்ளே பார்த்தேன். வேட்டியைச் சுருட்டி மூலையில் செருகியிருக்கிறாள். நான் பிரிக்கவில்லை, அப்படியே எடுத்துக்கொண்டு வருகிறேன்.