கொலை என்ற சொல்லை நான் மொழிபெயர்க்கவில்லை

எனக்குக் கோபம் வந்தால் நியாயமான காரணத்துக்குத்தான் வரும். வந்த பிறகு நான் செய்வது எதிலும் நியாயம் இருக்காது. (என் கணவர் பத்து வருஷமாக இதை வழிமொழிந்துகொண்டிருக்கிறார்.)

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. பாலக்கரைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் உயிரியல் டீச்சராகச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவிகளுக்கு ‘உயிரின் மதிப்பு’ என்று ஒரு சிறப்புரை ஏற்பாடாகியிருந்தது. பேச வந்தவர் ஊர் ஊராகப் பள்ளிகளுக்குப் போய் மருத்துவ அறம் பற்றிப் பேசுகிறவர். வெளி மாநிலத்துக்காரர், தமிழ் தெரியாது.

“அவர் இங்கிலீஷ்ல சொல்லுவாரு, நீங்க அதைத் தமிழ்ல சொல்லுங்க. அவ்வளவுதான்” என்றார் தலைமையாசிரியை.

முதல் பத்து நிமிடம் நன்றாகவே போனது. உறுப்பு தானம், வயதானவர்களைக் கைவிடக் கூடாது என்பதெல்லாம் எனக்கும் சம்மதம்தான். பிறகு அவர் பையிலிருந்து உள்ளங்கை அளவில் ஒரு பிளாஸ்டிக் சிசுவை எடுத்தார். எந்தக் காரணத்துக்காக இருந்தாலும் கருக்கலைப்பு கொலைதான், செய்துகொள்கிறவள் கொலைகாரிதான் என்றார். கத்தவில்லை. சிரித்த முகத்தோடு, பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காரணம், என் அக்கா சுமதி. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில் வாழ்க்கைப்பட்டவள். முந்தின வருஷம் ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தைக்கு மண்டை ஓடே உருவாகவில்லை என்று தெரிந்தது. பிறந்தாலும் பிழைக்காது என்றார்கள் டாக்டர்கள். அழுது ஓய்ந்து, கருவைக் கலைத்தாள். மாமியாரிடம் தானாகக் கலைந்துவிட்டது என்று சொல்லியிருந்தோம். உண்மை தெரிந்தது அவள் கணவர், எங்கள் அம்மா, நான் மூன்று பேருக்குத்தான்.

“இந்த மாதிரி விஷயத்துல டாக்டர் சொல்றதைக் கேட்டு நடக்கணும்னு சார் சொல்றாரு” என்றேன் மைக்கில்.

சார் திருப்தியாகத் தலையாட்டினார். அடுத்து மூன்று நிமிடம் பேசினார். நான் “சத்தான உணவு சாப்பிடணும்” என்று முடித்தேன். அவர் ஒரே ஒரு வரி சொன்னார். நான் இரும்புச் சத்து மாத்திரையில் தொடங்கி முருங்கைக்கீரை வரைக்கும் போய்வந்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். (எதிரே இருந்ததில் பாதிப் பேர் இங்கிலீஷ் மீடியம். தினமும் அவர்களுக்கு வகுப்பெடுப்பது நான்தான்!)

மூன்றாவது வரிசையில் பர்வீன் எழுந்தாள். “மிஸ், சார் அப்படிச் சொல்லலையே. கொலைன்னு சொன்னாரு. எங்களுக்கு ஏன் மாத்திச் சொல்றீங்க?”

அரங்கமே சிரித்தது. பர்வீன் சிரிக்கவில்லை. அவளே அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்: பிழைக்கவே பிழைக்காத குழந்தையாக இருந்தால்? நாலு நிமிடம் வாழ்ந்தாலும் அது ஓர் உயிர், பறிக்க யாருக்கும் உரிமையில்லை என்றார் அவர். நிஜமாகவே நம்பித்தான் சொன்னார். சட்டம் என்ன சொல்கிறது, மருத்துவம் என்ன சொல்கிறது என்று ஒரு டீச்சராக நான் நிதானமாக எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

கத்தினேன். “இது சார் சொல்றது இல்ல, நான் சொல்றேன்! ஸ்ரீரங்கத்துல எங்க சுமதி அக்கா கலைச்சா. அவ கொலைகாரியா? அந்தப் புள்ளைக்கு வாங்கின சட்டையை இன்னும் பீரோவுல வெச்சிருக்கா. இவருக்குத் தெரியுமா அது?”

 கடைசி வரிசையில் யாரோ தொடங்க, எல்லாரும் கைதட்டினார்கள். சிறப்பு விருந்தினரும் தட்டினார். தன் பேச்சைத்தான் இவ்வளவு உருக்கமாகச் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. நாளைக்கு மன்னார்புரத்தில் ஒரு பள்ளி இருக்கிறது, மொழிபெயர்க்க வர முடியுமா என்று வேறு கேட்டார்.

தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டார். “அவர் பேசினது எனக்கும் பிடிக்கல. ஆனா நீங்க முதல்ல புள்ளைங்ககிட்ட பொய் சொன்னீங்க. அப்புறம் அடுத்தவங்க ரகசியத்தைச் சொன்னீங்க. எதுக்குத் திட்டறதுன்னே தெரியல, போங்க.”

செய்தி ஸ்ரீரங்கம் போகிற ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்கு முன்னாலேயே காவிரிப் பாலத்தைத் தாண்டிவிட்டது. அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தவர்களின் பெண் எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். ஆறு மணிக்கு மாமியாருக்குத் தெரிந்தது. ஆறரைக்கு அக்கா போன் செய்தாள்.

“கோபம் வந்தா உன் கதையைச் சொல்லு. என் கதையை எடுத்து வீச உனக்கு யாருடி உரிமை குடுத்தா?”

வைத்துவிட்டாள். பேச வந்த அந்த மனுஷர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் தீரவில்லை. ஆனால் அவரும் அவளைக் கேட்காமல்தான் பேசினார், நானும் கேட்காமல்தான் பேசினேன். அதை நினைத்தால் அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே திரும்புகிறது.

மாமியார் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கலைத்ததற்காக அல்ல, “மாடி வீட்டுப் பொண்ணுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலையே” என்று. பிறகு ஒருநாள் அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ரொம்ப வலிச்சுதாம்மா?” என்று மட்டும் கேட்டாராம்.

என்னிடம் பேச அக்காவுக்கு ஆறு மாதம் ஆயிற்று. அடுத்து அவள் உண்டானதை மாமியார், அம்மா, மாடி வீட்டுப் பெண், பூக்காரம்மா எல்லாருக்கும் சொல்லிவிட்டு, கடைசியாகத்தான் எனக்குச் சொன்னாள்.

அப்போது பிறந்தவள் இப்போது நாலாம் வகுப்பு. வீட்டில் யாராவது ரகசியம் பேச வாயெடுத்தால், “சித்திகிட்ட மைக் இருக்கான்னு பாரு” என்பாள் அக்கா. அந்த வாண்டு எழுந்து வந்து, என் முந்தானையை உதறிப் பார்த்து, கைப்பையையும் திறந்து பார்த்துவிட்டு அறிவிப்பாள்:

“இல்லம்மா. பேசலாம்.”