இடது கால் இந்தப் பக்கம், வலது கால் அந்தப் பக்கம்

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவனும், படுக்கையும் அடுப்பும் குளியலறையும் உள்ளேயே இருக்கிற தங்கள் பயண வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு வந்தவனுமாகிய நான் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும், தங்கள் தங்கையும், தங்கள் அப்பாவும், பெண்கள் இருவரும் தலையிலிருந்து கணுக்கால் வரை நலம். கணுக்காலுக்குக் கீழே என்ன நிலவரம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நடுவில் கேள்வி கேட்பீர்கள், என்னிடம் பதில் இல்லை. காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. எழுதி முடித்ததும் படம் பிடித்து அனுப்புகிறேன். படித்துவிட்டு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பெரியவளைக் கூப்பிட்டு என் சார்பாக நாலு வார்த்தை பேச வேண்டும். காலையிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. தாய்மாமன் சொன்னால் கேட்பாள். ஆனால் என்ன பேச வேண்டும் என்பதை முழுக்கப் படித்த பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் தப்பு யார் மேல் என்று எனக்கே இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.

சாவியைக் கொடுக்கும்போது தாங்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டீர்கள். தரைவிரிப்பு புதுசு, வெளியே போட்ட செருப்போடு யாரும் உள்ளே ஏறக் கூடாது என்றீர்கள். சரி என்றேன். சொல்வது சுலபம். அஞ்சு பேர் குடும்பத்தில் காலணி எத்தனை இருக்கும் என்று நானும் யோசிக்கவில்லை, நீங்களும் யோசிக்கவில்லை. உங்கள் தங்கைக்கு நடக்க ஒன்று, வெளியே போக ஒன்று, அந்த வெளியே போகிறது தேய்ந்துவிடாமல் இருக்க இன்னொன்று. சின்னவளுக்கு மினுக்கு வைத்தது, விளக்கு எரிவது, மழைக்குப் போடுவது. அப்பாவுக்கு ஒரு ஜோடி தோல் செருப்புதான், ஆனால் அதற்கு அவர் கொடுக்கிற மரியாதை எங்களுக்கு யாருக்கும் கிடைத்ததில்லை. எல்லாவற்றுக்கும் மேலே பெரியவளின் கறுப்பு ஷூ. நேர்முகத் தேர்வுக்கென்றே வாங்கி, அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல் கொண்டுவந்தது. இந்தப் பயணமே அந்த ஷூவுக்காகத்தான் என்று சொன்னாலும் தப்பில்லை. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் செய்யும் தொழிற்கூடத்தில் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள் இல்லையா, அந்த வேலைக்காக அவள் எப்படிப் படித்தாள் என்று உங்களுக்குத் தெரியும். தேர்வுக்குப் போகும்போது அப்படியே எல்லோரும் ஊரையும் சுற்றிப் பார்த்துவிடலாம் என்று மூளையைக் கசக்கி யோசனை சொன்னது நான்தான். அதையும் இப்போது யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் எல்லோரும் படியோரம் கழற்றிப் போட்டோம், அது ஒரு குவியலாக நின்றது. வண்டிக்குள் ஏறுவதற்கு முன்னால் ஒரு மலை ஏற வேண்டியிருக்கிறது என்று சின்னவள் சொன்னாள். உங்கள் அப்பா அந்த மலையில் கால் வைத்து, சறுக்கி, கதவைப் பிடித்து, கதவோடு ஒரு வட்டம் போய்த் திரும்பி வந்தார். நானும் பொறுப்பான ஆள்தானே, உடனே கடைக்குப் போய் பை பையாகத் தைத்த துணி ஒன்றை வாங்கிவந்து கதவின் உட்பக்கம் தொங்கவிட்டேன். நின்றிருக்கும் வண்டியில் பார்க்க அவ்வளவு அழகு. ஓடும் வண்டியில் திருப்பத்துக்குத் திருப்பம் ஒவ்வொன்றாகக் கழன்று பறந்தது. உங்கள் தங்கையின் குதிகால் செருப்பு ஒன்று நேராகப் போய்ப் பருப்புப் பாத்திரத்தில் உட்கார்ந்தது. மூடியைத் திறந்து வைத்தது யார் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அப்புறம் குளியலறை. அங்கே தரை கொஞ்சம் பள்ளமாக, தொட்டி மாதிரி இருக்கிறதே, அதற்குள் வரிசையாக அடுக்கினால் மண்ணும் வெளியே வராது, ஆடினாலும் விழாது என்று கணக்குப் போட்டேன். குளியலறை என்றால் குளிப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. சின்னவள் மேலே பார்த்தபடியே குழாயைத் திறந்துவிட்டாள். அத்தனையும் முழுகி எழுந்தது, கறுப்பு ஷூ மட்டும் பெட்டியில் இருந்ததால் தப்பித்தது. ஈரத்தைக் காயவைக்க முன்கண்ணாடி ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டு ஓட்டினேன். ஒரு சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் கண்ணாடியை இறக்கி, பத்தாம் நம்பர் இருக்கா என்று கேட்டார்.

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கவும். வண்டியின் இரண்டு பக்கமும், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து திறக்கிற மாதிரி பெட்டி போல ஒரு சின்ன அறை இருக்கிறது. நான் வேலை பார்ப்பது மோட்டார் உதிரிபாகக் கிடங்கில் என்பது தங்களுக்குத் தெரியும். அங்கே நாங்கள் எதையும் ஜோடியாக வைப்பதில்லை. இடது விளக்கு இடது தட்டில், வலது விளக்கு வலது தட்டில். கண்ணாடியும் அப்படித்தான், கதவுப் பிடியும் அப்படித்தான். ஜோடி ஜோடியாக வைத்தால் அவசரத்தில் மாற்றி எடுத்துவிடுவார்கள். பிரித்து வைத்தால் மாறவே மாறாது. இத்தனை வருஷத்தில் என் கிடங்கில் ஒரு விளக்குகூட மாறிப் போனதில்லை மச்சான். அந்த தைரியத்தில் குடும்பத்தையே கூப்பிட்டு உட்காரவைத்து, இனிமேல் எல்லோருடைய இடது காலணியும் இடது அறையில், எல்லோருடைய வலது காலணியும் வலது அறையில், வண்டிக்கும் பாரம் சமமாக இருக்கும், யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று அறிவித்தேன். கறுப்பு ஷூவையும் பெட்டியிலிருந்து எடுத்துப் பிரித்து வைத்தேன். பெரியவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அதைப் பெருமிதம் என்று நினைத்தேன்.

ஒழுங்கு என்று பார்த்தால் அப்படியொரு ஒழுங்கு. ஒரு சின்ன விஷயம்தான். செருப்புப் போட வேண்டுமென்றால் முதலில் இடது பக்கம் போய் ஒரு காலில் மாட்டிக்கொண்டு, மற்ற காலைத் தூக்கியபடி வண்டியின் பின்பக்கமாக நொண்டிச் சுற்றி வந்து வலது பக்கத்தில் மறு காலுக்கு மாட்ட வேண்டும். கழற்றும்போது அதையே திருப்பிச் செய்ய வேண்டும். காலையில் நாலு பேரும் ஒருவர் பின்னால் ஒருவராக நொண்டிக்கொண்டு போனதை, வண்டிகள் நிறுத்தும் திடலில் பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் காபியோடு நின்று பார்த்தார். இதனால் என்ன பலன் என்று கேட்டார். உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது, உடம்பு நிதானப்படும் என்றேன். மறுநாள் அவரும் மனைவியும் அவர்கள் வண்டியைச் சுற்றி நொண்டிக்கொண்டிருந்தார்கள். இதற்கு நடுவில் சின்னவள் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, அவளுக்கு எது இடதோ அந்தப் பக்கத்தில் இடதை வைத்துவிட்டாள். எது வண்டியின் இடது, எது பார்க்கிறவரின் இடது என்று அவளுக்கு விளக்கப் போய், நான் வண்டிக்கு முன்னும் பின்னும் நடந்து, கடைசியில் என் கையைத் தூக்கிப் பார்த்தே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

இன்று காலை தேர்வு. சீக்கிரமே கிளம்பினோம், அதில் என்னைக் குறை சொல்ல முடியாது. தொழிற்கூடத்துக்குப் பின்னால் ஒரு குறுகலான தெரு, ஒரு பக்கம் நீளமான மதில்சுவர். அந்தச் சுவரோடு ஒட்டி, இவ்வளவு பெரிய வண்டியை, ஒரே தடவையில் நிறுத்தினேன். என் ஆயுளில் அப்படி ஒரு வண்டியை நிறுத்தியதில்லை. யாராவது பாராட்டுவார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். அதற்குள் முன்னால் ஒரு காரும் பின்னால் ஒரு சரக்கு லாரியும் வந்து நின்றுவிட்டன. லாரிக்காரர் அட்டைப்பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பெரியவள் தலை வாரி, சான்றிதழ்க் கோப்பை எடுத்துக்கொண்டு, இறங்கி, இடது ஷூவை மாட்டிக்கொண்டு, நொண்டியபடி பின்பக்கம் போனாள்.

வலது அறை சுவர்ப் பக்கம். கதவு விரல் நுழைகிற அளவுதான் திறந்தது. சின்னவள் கையை விட்டுத் துழாவினாள், உங்கள் அப்பாவின் செருப்பு வார் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. உங்கள் தங்கை தன்னுடைய இடது செருப்பை அவளிடம் நீட்டி, இதை வலது காலில் மாட்டிக்கொண்டு போய்விடு, மேஜைக்கு அடியில் தெரியாது என்றாள். பெரியவள் மாட்டிப் பார்த்தாள். இரண்டு காலும் ஒரே பக்கம் திரும்பி நின்றது, நேராக நடந்தாலும் ஆள் சந்துக்குள் திரும்புகிறவள் மாதிரி இருந்தாள்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலாம்.

"அப்பா, இடது காலுக்கு மட்டும்தான் வேலை கேக்கப் போறேனா?"

அப்போது உங்கள் தங்கை என் காலைப் பார்த்தாள். சட்டம் போட்டவன் நான் ஆயிற்றே, ஓட்டுகிறவனுக்கு விலக்கு என்று என்னுடைய ரப்பர் செருப்பை மட்டும் ஜோடியாக ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் வைத்திருந்தேன். வண்டியில் இருந்த ஒரே ஜோடி அதுதான். நீலப் பட்டை, ஒரு பக்கம் அறுந்து ஊக்குப் போட்டது. நேரம் ஆகிவிட்டது. இஸ்திரி போட்ட உடையில், கையில் கோப்போடு, காலில் என் செருப்போடு, அது அளவு பெரிதானதால் சளக் சளக்கென்று அடிக்க, என் பெண் தெருமுனை திரும்பிப் போனதை வெறுங்காலோடு நின்று பார்த்தேன் மச்சான். ஓடிப்போய் ஏதாவது சொல்லலாமா என்று தோன்றியது. அதற்குள் சளக் சளக் சத்தமும் நின்றுவிட்டது.

அவள் போன பிறகு நடந்ததுதான் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. நான் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் பக்கவாட்டில் நுழையப் பார்த்து, வயிறு மாட்டி, உள்ளே இழுத்து வெளியே வந்தேன். வந்து பார்த்தால் உங்கள் அப்பா தன் மெத்தையை மடக்கிவைத்துவிட்டு, அதற்கு அடியில் ஒரு பலகையைத் தூக்கி, வலது அறையிலிருந்து தன் செருப்பை நிதானமாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"உள்ளேர்ந்தே தெறக்கும் மாப்பிள்ளை. வண்டி வாங்கின அன்னிக்கே எம் பையன் காட்டினானே."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே மாமா?"

"கேள்வி கேக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க. பதில் சொல்லலாமான்னும் தெரியல."

அந்த நேரம் பார்த்துத்தான் பெரியவள் திரும்பி வந்தாள். மெத்தை மேல் அத்தனை வலது காலணியும் வரிசையாக இருக்கிறது, நடுவில் அவளுடைய கறுப்பு ஷூ. பார்த்தாள். என் செருப்பைக் கழற்றி என் முன்னால் ஜோடியாக வைத்தாள். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். தேர்வு எப்படி என்று நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. உங்கள் தங்கை உள்ளே போய் அவளோடு ஏதோ பேசிவிட்டு வந்தாள். என்ன சொன்னாள் என்று கேட்டேன். போய் உங்க செருப்பைப் பாருங்க என்றாள்.

ஆகவே மச்சான், தாங்கள் தயவுசெய்து அவளிடம் பேசவும். கிடங்கில் சரியாக இருக்கிற ஒன்று வீட்டில் ஏன் தப்பாகிறது என்பது எனக்குப் புரியவில்லை. விளக்குக்குக் கால் இல்லை என்பது காரணமாக இருக்கலாம். வேலை போயிருந்தால் அது என்னால்தான் போயிருக்கும், அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன், அதற்கு எந்தத் தட்டு என்று தெரியவில்லை. இனிமேல் இந்தக் குடும்பத்தின் காலணி எதையும் நான் தொடுவதில்லை, அடுக்குவதில்லை, அதைப் பற்றி யோசனைகூடச் சொல்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். இதை அவளிடம் என் வார்த்தையாகவே சொல்லுங்கள்.

தரைவிரிப்பு அப்படியே புதுசாக இருக்கிறது. பருப்பு பட்ட இடத்தைத் தவிர.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், அவர்கள் எந்தக் காலை எடுத்துவைத்தாலும் நல்ல இடத்தில் போய்ச் சேரட்டும்.

தங்கள் அன்புக்கு என்றும் கடமைப்பட்ட,
உங்கள் தங்கை வீட்டுக்காரன்

பின்குறிப்பு: பெரியவளைக் கூப்பிட வேண்டாம். இதைப் படம் பிடிக்கப் போகும்போது அவளே ஒரு கையில் எனக்குக் காபியோடு வெளியே வந்து, மறு கையால் கடிதத்தை வாங்கி, நின்றபடியே முழுவதையும் படித்தாள். படிக்கப் படிக்கத் தோள் குலுங்கியது, அழுகிறாள் என்று நினைத்து நானும் தயாரானேன். சிரிப்பு. அந்த இடத்தில் தூசி நுழையக் கூடாதாம், அதனால் யார் வந்தாலும் வாசலிலேயே கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, அவர்கள் கொடுக்கிற வெள்ளைத் துணி உறையை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டுமாம். கேள்வி கேட்ட மூன்று பேரும் துணி உறையோடுதான் இருந்தார்களாம். அவள் காலில் என்ன போட்டுக்கொண்டு வந்தாள் என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது மச்சான். அங்கேயே சொல்லிவிட்டார்களாம். உங்கள் தங்கைக்குக் காலையிலேயே தெரியும், உங்கள் அப்பாவுக்குத் தெரியும், சின்னவளுக்குக்கூடத் தெரியும். பின்னே ஏன் என்னிடம் மட்டும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா மத்தியானமே மறுபடி அடுக்க ஆரம்பிச்சிருப்பீங்கப்பா. ஒரு பொழுதாவது நாங்க ரெண்டு காலோட நடந்துக்கறோமேன்னுதான்."

எனவே மேலே, இனிமேல் காலணியைத் தொடுவதில்லை என்று எழுதியிருக்கிறேன் அல்லவா, அந்த வாக்கியத்தை மட்டும் படிக்காததாக வைத்துக்கொள்ளவும். நாளைக்கு அவள் தங்கப்போகிற அறையைப் பார்க்கப் போகிறோம். ரொம்பச் சின்ன அறை என்கிறாள். அளவு நாடாவை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன், அவளுக்குத் தெரியாது.