நடுவானில் வழிவிட்ட விமானம்

நான் உருவாக்கிய முதல் புயலில் ஒரு கேப்டன் குறட்டை விட்டுத் தூங்கினார். எங்கள் தொழிலில் இதைவிடக் கேவலம் கிடையாது.

விமானி மாணவர்கள் தரையிலேயே ஓட்டிப் பழகும் சிமுலேட்டர் செய்யும் சின்னக் கம்பெனி, சேலத்தில். அதில் காற்றும் மழையும் என் பொறுப்பு. (ஏற்காட்டுக்காரிக்குக் காற்றைப் பற்றிச் சொல்லித் தர வேண்டுமா என்று நேர்காணலில் அளந்திருந்தேன்.) நான் எழுதிய புயலில் விமானி இருக்கை ஒரே சீராக ஆடியது. சோதிக்க வந்த ஓய்வுபெற்ற கேப்டன் கண்விழித்து, "இது காத்து இல்லம்மா, தொட்டில்" என்றார்.

மேனேஜர் என்னைத் தனியாக அழைத்தார். "வெள்ளிக்கிழமை மறுக்கா வர்றாருங்க. அன்னைக்கும் தூங்குனாருன்னா நீங்க வேற எடம் பாத்துக்கங்க."

எனக்கு அழுகையும் ரோஷமும் சேர்ந்து வந்தன. சீரில்லாத ஆட்டம்தானே வேண்டும்? வியாழக்கிழமை காலை ஏற்காட்டில் பஸ் ஏறியதும், குலுக்கலைப் பதிவு செய்யும் செயலியை ஓடவிட்டு, செல்போனை இருக்கைக் கம்பியில் டேப் போட்டுச் சுற்றினேன்.

"ஏனுங்க, போனுக்கு அடி பட்டுருச்சுங்களா?" என்றார் கண்டக்டர்.

அடிவாரம் வரை பதிவானதை அப்படியே சிமுலேட்டரில் ஏற்றினேன்.

வெள்ளிக்கிழமை கேப்டன் உட்கார்ந்தார். இருக்கை தூக்கிப் போட்டது, இடமும் வலமும் சாய்ந்தது. அப்புறம் முன்பக்கம் குனிந்து நின்றேவிட்டது.

"ஏம்மா, விமானம் நின்னுருச்சு" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்கி வழிவிடும். எங்கள் பஸ்ஸும் வளைவுக்கு வளைவு நின்று வழிவிட்டிருந்தது. பிறந்ததிலிருந்து அப்படியே வந்துபோகிறவளுக்கு, அதை வெட்டி எடுக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

"இப்பப் பின்னால போகுது."

மேனேஜர் என்னைப் பார்த்தார். என் வாய் தானாக உளறியது. "எதுத்தாப்புல வண்டி வருதுங்க சார்."

"மேகத்துலயாங்க?"

வேலை போயிற்று என்று பையை எடுத்துக்கொண்டேன். கேப்டன் வேர்த்து வழிய, கதவைப் பிடித்தபடி இறங்கினார். ஒரு டம்ளர் தண்ணீரை முழுதாகக் குடித்தார்.

"இத்தனை வருசத்துல சிமுலேட்டர்ல இன்னைக்குத்தான் பயந்தேன். அடுத்தது என்ன வரும்னே தெரியல. நிஜக் காத்து அப்பிடித்தான் இருக்கும். நிக்கிறதையும் ரிவர்ஸ் எடுக்கறதையும் மட்டும் தூக்கிருங்க. இந்தப் பொண்ணை விட்றாதீங்க."

அன்றே வேலை நிரந்தரமானது. இன்றைக்கு அங்கே பயிலும் எல்லா விமானிகளும் எங்கள் ஊர்ப் பாதையில்தான் குலுங்குகிறார்கள். சொல்லிக்கொள்ளப் பெருமையாகத்தான் இருக்கிறது.

வீட்டில்தான் மரியாதை இல்லை. என் கல்யாணத்தன்று சர்ச்சில் ஃபாதர், "சம்மதமா?" என்று கேட்டபோது சொல்ல வாயெடுத்து ஒரு கணம் நின்றுவிட்டேன். முன்வரிசையிலிருந்து அம்மாவின் குரல் சர்ச் முழுக்கக் கேட்டது.

"ஏங் கண்ணு, எதுத்தாப்புல வண்டி வருதா?"