சகலையர் இருள் புகு படலம்

வாழ்க டயர்க்கடை வேந்தன்! உருளும் கருவளையம் விற்று ஊரையே நகர்த்துபவன். பழைய டயரையும் புதியதென்று சாதிக்கும் சொல்லேருழவன். தொந்தியை முன்படையாக நடத்திப் பின்னே தான் வரும் தளபதி! அத்தகைய மாவீரன் நெஞ்சினுள் ஒரு மறைபொருள் இருந்தது. இருட்டென்றால் அவனுக்கு உதறும். அவன் பள்ளியறையில் விடியுமளவும் எரியும் நைட் லாம்ப், ‘பாப்பாவுக்குப் பயம்’ என்னும் கேடயத்தின் பின்னே, மாமனார் வீட்டார் மூக்கில் வியர்க்காதபடி இத்தனை ஆண்டும் காக்கப்பட்டு வந்தது.

ஒரு விடுமுறை நாளில், பழம்பெரும் சுரங்க அருங்காட்சியகத்தின் வாயிலில், இரவல் வாங்கிய மஞ்சள் தலைக்கவசம் மணிமுடியென மின்ன, மனைவியும் மகளும் மைத்துனியும் புடைசூழ நின்றான் அவன். எதிரே, மைத்துனியின் கணவன். பிறர் வாயைப் பிளந்தே பெருவாழ்வு கண்ட பல் மருத்துவன். எந்த விருந்திலும் கடைசிச் சொல்லைத் தனக்கே வைத்துக்கொள்ளும் வன்பகைவன். சங்கம் முழங்கியது போல் எழுந்தது வேந்தன் குரல்:

“இருட்டுக்குப் பயப்படறவங்க வெளிய பெஞ்சுல உக்காந்துக்கலாம். நான் யாரையும் சொல்லல, டாக்டர் சகலை!”

“நான் வர்றேன் சகலை. உங்களுக்கு வேர்த்தா மட்டும் சொல்லுங்க, கர்ச்சீப் இருக்கு!”

மைத்துனி சிரித்தாள். இனிப் பின்வாங்கினால் ஆயுளுக்கும் தலைகுனிவு. புகுந்தனர் சுரங்கத்துள். மரத்தூண்கள் தாங்கிய தாழ்கூரையின்கீழ், துருவேறிய தண்டவாளத்தோரம், வழிகாட்டும் நங்கை அந்தப் பேரிடியை இறக்கினாள்: “அந்தக் காலத்துல தொழிலாளிங்க எந்த மாதிரி இருட்டுல வேலை பார்த்தாங்கன்னு நீங்களும் பார்க்கணும். ஒரே ஒரு நிமிஷம் லைட்டை அணைக்கிறேன். செல்போனையெல்லாம் உள்ள வச்சுடுங்க!”

அணைந்தது விளக்கு, எழுந்தது இருள்! கரிய களிறுகள் கூடிக் கலந்த இருளோ, கடல் குடித்த கார்முகில் கவிழ்ந்த இருளோ, அவன் கடையில் அடுக்கிய டயரனைத்தும் ஒருசேர உருகி ஓடிய இருளோ என்று ஐயுறுமாறு அது சூழ, மனைவியின் கைம்மலர் தேடித் துழாவிய வேந்தனின் வலக்கரம் ஒரு கரத்தைக் கண்டது, முதலையெனக் கவ்வியது. அந்தக் கரமும் வேர்த்து விறுவிறுத்து அவனை இறுகப் பற்றியது. இத்தனை அன்பா இவளுக்கு என்று உருகினான். உருகிய அக்கணத்தில், அவன் அனுமதியின்றியே, அவன் தொண்டையிலிருந்து ஆட்டுக்குட்டியின் ஈனக்குரல் ஒன்று புறப்பட்டது.

“யாருங்க அது, அனத்துறது?” என்றது மனைவியின் குரல்.

“பாப்பாதான்! பயப்படுது!”

“நான் அம்மா இடுப்புல இருக்கேன்ப்பா,” என்றது பாப்பா. “எனக்கு ஜாலியா இருக்கு.”

மனைவியின் குரல் எதிர்ச்சுவரோரம் கேட்டதே, அப்படியானால் இது யார் கை என்று அவன் சிந்தை தெளியும் முன்னே விளக்கு எரிந்தது. அந்தோ! விரலோடு விரல் கோத்து, தோளோடு தோள் ஒட்டி நின்றனர் வன்பகைவர் இருவரும். பல் மருத்துவன் இன்னும் கண்ணே திறக்கவில்லை. “விட்டுடாதம்மா,” என்று மெல்ல முனகிக்கொண்டிருந்தான்.

மைத்துனியின் சிரிப்பு சுரங்கமெங்கும் எதிரொலித்தது. கண் திறந்தான் மருத்துவன், பார்த்தான் வேந்தன், இரு பேரரசுகளும் இமைப்பொழுதில் உடன்படிக்கை கண்டன.

“கீழ ஒரே ஈரம். வழுக்கிடப் போறாரேன்னு சகலையைப் பிடிச்சேன்!” என்றான் வேந்தன்.

“ஆமா சகலை, பயங்கர வழுக்கல்!”

அன்று ராத்திரி, பாப்பாவுக்குப் பயமாக இருக்கும் என்று சொல்லி, மனைவியே நைட் லாம்பைப் போட்டுவிட்டுப் படுத்தாள்.